அடுத்தவன் கேஸில் குளிர்காயும் மருமகனுக்கு

வாரும்வே மருமவனே, இப்படி நிழல்ல உக்காரும். உம்மைப் பாத்தா எனக்குப் பொறாமையாத்தான் இருக்கு. ஊர்ல மத்தவனெல்லாம் கோவில்பட்டி கோர்ட்டுக்கு அலைஞ்சு அலைஞ்சு செருப்புத் தேஞ்சு நிக்கான். நீரு மட்டும் கயத்தாறு டீக்கடை பெஞ்சுல காலை ஆட்டிக்கிட்டு, “பக்கத்துக் காட்டுக்காரரு கேஸு முடியட்டும் மாமா, அந்தத் தீர்ப்பைக் காட்டி நானும் வாங்கிக்கிடுதேன்”ங்கீரு. எம்புட்டு ஞானம்! உம்ம அப்பன் இருந்தா மெச்சியிருப்பான். அவனும் இப்படித்தான் அடுத்தவன் கமலை இறைக்கையில வாய்க்கால்ல முகங்கழுவுவான்.

சர்க்கார் பழைய சட்டத்துல உம்ம கரிசக்காட்டை எடுத்தப்போ குடுத்த செக்கைக் குனிஞ்சு ரெண்டு கையாலயும் வாங்கினீரு. ‘ஆட்சேபணையோடு பெற்றுக்கொண்டேன்’னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடும்னு நான் அப்பவே சொன்னேன். “எதுக்கு மாமா, ஆபீசர் மனசு நோகும்”னீரு. குடுத்த விலை போதாதுன்னா, தாசில்தார் விலையைத் தீர்மானிச்சுச் சொன்னப்போ முன்னால நின்னவன் ஆறு வாரத்துக்குள்ள 18ஆம் பிரிவுல மனுக் குடுக்கணும். விஷயத்தை சப் கோர்ட்டுக்கு அனுப்பி வைப்பாக. அந்த ஆறு வாரமும் நீரு மச்சினன் கல்யாணத்துல பந்திக்குத் தலைவாழை எண்ணிக்கிட்டு இருந்தீரு. பக்கத்துக் காட்டுக்காரன் மனுக் குடுத்தான். பெறவு வக்கீலுக்குக் குடுத்தான், குமாஸ்தாவுக்குக் குடுத்தான், நகல் எடுக்கக் குடுத்தான், வாய்தாவுக்கு வாய்தா பஸ்காரனுக்குக் குடுத்தான். கிடையில நின்ன வெள்ளாடு பாதி அதுலயே போச்சு. இப்போ அவன் ஜெயிச்சா உமக்கும் அதே விலை வேணும். கேக்கதுக்கு வெக்கமே இல்லாம, ‘சட்டம் இருக்கு மாமா’ன்னும் சொல்லுதீரு.

அதுதான் வேடிக்கை. சட்டம் இருக்கத்தான் செய்யுது.

1894ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்துக்கு 1984ல ஒரு ஒட்டுப் போட்டாக. 28ஏ பிரிவு. ஒரே அறிவிக்கையில பல பேர் நிலத்தை எடுத்து, அதுல ஒருத்தன் மட்டும் கோர்ட்டுக்குப் போயிக் கூடுதல் விலை வாங்கிட்டான்னா, போகாதவனும் அந்தத் தீர்ப்பைக் காட்டி, ‘எனக்கும் திரும்பக் கணக்குப் போடும்’னு கலெக்டர்கிட்ட கேக்கலாம். ஏன் போட்டாகன்னா, வசதியுள்ளவன் கோர்ட்டுக்குப் போயி வாங்கிடுதான், வாயில்லாப் பூச்சி சும்மா இருந்துடுதான், ஒரே மண்ணுக்கு ரெண்டு விலையாகுதுன்னுதான். நீரு வாயில்லாப் பூச்சியா இல்லையாங்கிறதை டீக்கடைக்காரன்தான் சாட்சி சொல்லணும். 2014 சனவரியில அமலுக்கு வந்த புதுச் சட்டத்துலயும் இதையே 73ஆம் பிரிவா வச்சிருக்காக. ஆக, அடுத்தவன் வழக்குல குளிர்காயிதது பாராளுமன்றமே ரெண்டு தடவை ஒத்துக்கிட்ட காரியம்.

ஆனா ஒரு முடிச்சு இருக்கு. தீர்ப்பு வந்த மூணு மாசத்துக்குள்ள மனுக் குடுக்கணும். தீர்ப்பு சொன்ன நாளையும், நகல் வாங்க ஆன நாளையும் கழிச்சுக்கிடலாம். மச்சினன் கல்யாணத்தைக் கழிக்க முடியாது. தீர்ப்பு வந்துட்டுதுன்னு யாரும் உம்ம வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல மாட்டான். ஒரு காலத்துல இன்னும் கெடுபிடி. முதல்ல யாருக்குத் தீர்ப்பு வந்துச்சோ அதுலருந்துதான் மூணு மாசம்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டுது. பெறவு 1995ல மூணு ஜட்ஜு உக்காந்து, எந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேக்கானோ அந்தத் தீர்ப்புலருந்து எண்ணுங்கன்னு திருத்தினாக. உம்மைப் போல சாவகாசமான ஆளுகளுக்கு அவுக செஞ்ச புண்ணியம்.

இதுல இன்னொரு கூத்தும் உண்டு. நம்மூர் வழியா மதுரை-கன்னியாகுமரி நாலு வழிச்சாலை போகுதுல்லா, அதுக்கு நிலம் குடுத்தவனுக்கு இந்தப் பிரிவு கிடையாது. நெடுஞ்சாலைச் சட்டம் வேற. பழைய நில எடுப்புச் சட்டம் இதுக்குப் பொருந்தாதுன்னு 3ஜே பிரிவுல எழுதி வச்சிருந்தாக. அவன் மத்தியஸ்தர்கிட்டப் போகணும். மத்தியஸ்தர்னா பெரும்பாலும் கலெக்டர்தான். அவனவன் தனித்தனியா முட்டணும். ஓடைக்கு இந்தப் பக்கம் காடு போனவன் அடுத்தவன் தீர்ப்பைக் காட்டலாம், அந்தப் பக்கம் ரோட்டுக்குப் போனவன் காட்ட முடியாது. மண்ணு ஒரே கருப்புதான். அந்த 3ஜேயையும், ஆறுதல் தொகையும் வட்டியும் குடுக்காம மறிச்ச அளவுக்குச் செல்லாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னது பஞ்சாப் பக்கத்து ஒரு ரோட்டு வழக்குல. அந்த ஒரு வழக்கைப் பிடிச்சுக்கிட்டு நாடு முழுக்க எத்தனை பேரு கிளம்பினான்னு கேட்டா, நெடுஞ்சாலைக்காரன் இன்னும் தலையில கை வச்சிருக்கான்.

சரி, இந்த வித்தையை நீரு கண்டுபிடிச்சதா நெனைச்சு மீசையை முறுக்காதேயும். அமெரிக்காக்காரன் இதைப் பெரிய தொழிலாவே நடத்துதான்.

அங்க திரீ எம்னு ஒரு கம்பெனி. ராணுவத்தானுக்குக் காதுல வைக்க அடைப்பான் செஞ்சு வித்தான். அது காதுல சரியா நிக்காம, வெடிச் சத்தம் உள்ள போயி எங்க காது போச்சுன்னு பட்டாளத்தான் ஒவ்வொருத்தனா கேஸு போட்டான். எத்தனை பேருங்கீரு? மூணு லட்சத்துக்குப் பக்கம். எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போயி, புளோரிடாவுல பென்சகோலான்னு ஒரு ஊர்ல, கேசி ராட்ஜர்ஸ்னு ஒரு ஜட்ஜம்மா முன்னால குவிச்சாக. ஞாயித்துக்கிழமை லீவு இல்லாம நாளுக்கு ஒரு கேஸு முடிச்சாலும் எண்ணூறு வருஷம் ஆகும். காது செவிடானவன் பேரனோட பேரனும் போயிச் சேந்துருவான். அந்தம்மா என்ன செஞ்சாக? குவியல்லருந்து கொஞ்சம் கேஸைப் பொறுக்கி எடுத்து, அதை மட்டும் ஜூரி வச்சு முழுசா விசாரிச்சாக. 2021லயும் 2022லயும் பதினாறு விசாரணை. பத்துல பட்டாளத்தான் ஜெயிச்சான், ஆறுல கம்பெனி ஜெயிச்சான். அந்தப் பதினாறும் மத்த மூணு லட்சத்தைக் கட்டுப்படுத்தாது, கவனியும். ஆனா ரெண்டு பேருக்கும் ஒரு செவிட்டுக் காது கோர்ட்டுல என்ன விலை போகுதுன்னு தெரிஞ்சு போச்சு. 2023 ஆகஸ்டுல 600 கோடி டாலருக்குப் பேசி முடிச்சாக.

இன்னொண்ணு கேளும். மெர்க்குன்னு மருந்துக் கம்பெனி. வயாக்ஸ்னு மூட்டு வலி மாத்திரை வித்தான். நெஞ்சு வலி வருதுன்னு 2004ல அவனே கடையிலருந்து திரும்ப வாங்கினான். கேஸு ஆயிரம் ஆயிரமா வந்து விழுந்துச்சு. இதுலயும் நியூ ஆர்லியன்ஸ்ல எல்டன் ஃபாலன்னு ஒரு ஜட்ஜு சில கேஸைப் பொறுக்கி விசாரிச்சுப் பாத்தாரு. மத்த கோர்ட்டுகள்லயும் நடந்துச்சு. தீர்ப்பு வந்ததுல பெரும்பாலும் கம்பெனிதான் ஜெயிச்சான். ஜெயிச்சவன் 2007 நவம்பர்ல 485 கோடி டாலர் குடுத்தான்! ‘ஜெயிச்சவன் ஏன் மாமா குடுத்தான்?’னு முழிக்கீரு. ஜெயிக்கவே எம்புட்டு ஆகுதுன்னு அவனுக்கு அந்தக் கேஸுகள்ல தெரிஞ்சுட்டுது. இப்படியே ஒவ்வொண்ணா ஜெயிச்சுக்கிட்டே போனா திவாலாயிருவோம்னு கணக்குப் போட்டுட்டான். இது எங்க வீட்டுப் பங்காளி வழக்குல எனக்கே லேசா தெரிஞ்ச சங்கதிதான்; டாலர்ல தெரியல, அவ்வளவுதான்.

உடனே ‘ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்’னு நீரு ஆரம்பிப்பீரு. அந்தப் பழமொழி சொன்னவன் வீட்டுப் பானையில ஒரே அரிசி வெந்துச்சு. பாதி ரேஷன் அரிசியும் பாதி புதுப் பச்சரிசியுமா போட்டு வேக வச்சா, எந்தச் சோத்தை எடுத்து நசுக்குவீரு? அதைவிட, கரண்டி யாரு கையில இருக்குன்னு கேட்டீரா?

நம்ம கடக்கரை ஆளு இதுல கெட்டிக்காரன். தூத்துக்குடியில முத்துக்குளிப்பு நடந்த காலத்துல, கடலடிப் பாறைத் திட்டான பாருல சிப்பி விளைஞ்சிருக்குன்னு தெரிஞ்ச உடனே சர்க்கார் தண்டோராப் போட்டுற மாட்டான். முதல்ல மாதிரி எடுப்பான். தொலையிரம் பாரு மாதிரி எடத்துல முங்குற ஆளை இறக்கி, சில ஆயிரம் சிப்பி அள்ளிக் கரையில போட்டு, அழுக விட்டு, கழுவி, முத்தைப் பிரிச்சு, அதுல பழகின வியாபாரி கையில குடுத்து, ஆயிரம் சிப்பிக்கு எத்தனை ரூபாய் தேறும்னு மதிப்புப் போடுவாக. தேறுனாத்தான் குளிப்பு, தேறலைன்னா இன்னும் கொஞ்ச நாள் விளையட்டும்னு விட்டுருவாக. இதுல அழகு எங்க இருக்குன்னா, கடலுக்கு அடியில முங்கினவன் கைக்கு எது சிக்குதோ அதுதான் கூடைக்கு. உள்ள பெரிய முத்து இருக்கிற சிப்பி எதுன்னு அவனுக்கும் தெரியாது, விக்கிறவனுக்கும் தெரியாது, வாங்குறவனுக்கும் தெரியாது. யாரும் பொறுக்காம வந்த மாதிரி, அதனால நம்பினாக. அப்படியும் சில வருஷம், மாதிரி பாத்துக் குளிப்புக்கு நாள் குறிக்கிறதுக்குள்ள சிப்பி மீனுக்கு எரையாகியோ நீரோட்டத்துல போயோ பாரு வெறிச்சோடும். 1961க்குப் பெறவு தூத்துக்குடியில அந்தக் குளிப்பே நின்னு போச்சு. கோர்ட்டு மட்டும் ஓய்ஞ்ச பாடில்ல.

வக்கீல் கையில அந்த வேலையைக் குடுத்துப் பாரும். ஹூஸ்டன்ல ஒரு குடியிருப்பு. முன்னால கச்சா எண்ணெய்க் கழிவு கொட்டின எடத்துல எங்க வீட்டைக் கட்டி வித்துட்டாகன்னு மூவாயிரம் பேரு செவ்ரான் கம்பெனி மேல கேஸு போட்டாக. கீழ்க் கோர்ட்டு, ‘30 பேரை எடுப்போம். அதுல 15 பேரை நீங்க பொறுக்குங்க, 15 பேரை கம்பெனி பொறுக்கட்டும்’னு உத்தரவு போட்டுச்சு. நியாயமாத்தானே தெரியுது? 1997ல அப்பீல் கோர்ட்டு அதைப் பிடிச்சு நிறுத்திட்டுது. இவன் பொறுக்குனா படுத்த படுக்கையா கெடக்கிறவனைப் பொறுக்குவான். அவன் பொறுக்குனா கபடி ஆடுதவனைப் பொறுக்குவான். ரெண்டு ஓரத்தையும் சேத்து வச்சா அது ஊரோட நடு ஆகுமா? 30 பேருக்கு வந்த தீர்ப்பை மூவாயிரம் பேரு தலையில கட்டணும்னா, அந்த 30 பேரு யாரு கையும் படாம வந்திருக்கணும்னு சொல்லிட்டாக. நம்ம முங்குற ஆளைக் கேட்டிருந்தா அவன் வெத்தலைக் காசுக்கே சொல்லியிருப்பான்.

ஏன் ஹூஸ்டன் வரைக்கும் போறேன்? உம்ம காட்டுக்கு விலை போட்ட கதையே அதுதானவே.

நில எடுப்பு ஆபீஸ்ல என்ன செய்வாகன்னு உமக்குத் தெரியுமா? அறிவிக்கைக்கு முந்தி அந்த வட்டாரத்துல நடந்த கிரையத்தையெல்லாம் ரிஜிஸ்டர் ஆபீஸ்லருந்து பட்டியல் எடுப்பாக. இருபது பத்திரம், முப்பது பத்திரம் வரும். அதுல ஒண்ணை எடுத்து ‘டேட்டா லேண்ட்’னு பேரு வைப்பாக. அதுதான் மாதிரி. அதுல போட்ட விலைதான் உமக்கும், உம்ம பக்கத்துக் காட்டுக்காரனுக்கும், ஊருக்கும். மத்த பத்திரத்தை ஏன் விட்டீகன்னா எல்லாத்துக்கும் காரணம் எழுதியிருப்பாக. விலை கூடுன பத்திரமா, ‘ஃபேன்சி விலை’, தள்ளு. ரோட்டுமேல இருக்கா, தள்ளு. மண்ணு வேற தரமா, தள்ளு. தள்ளித் தள்ளிக் கடைசியில, எவனோ ஒருத்தன் குடிகாரத் தம்பிகிட்டருந்து அண்ணன் அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கின பத்திரம் தப்பிக்கும். அது மட்டும் ஃபேன்சியும் இல்ல, ரோட்டுமேலயும் இல்ல, சொக்கத் தங்கம்!

நம்ம ஆளு மட்டும் யோக்கியனா? கோர்ட்டுக்குப் போன உடனே, பிளாட்டுப் போட்டு மூணு சென்ட், நாலு சென்ட்டுன்னு வித்த பத்திரத்தைத் தேடிப் பிடிச்சுட்டு வருவான். ‘சாமி, சென்ட்டு இந்த விலை, அப்போ என் மூணு ஏக்கருக்குப் பெருக்கிக்கிடுங்க’ம்பான். நேத்து வரைக்கும் உளுந்து வெதைச்ச மானாவாரிக் காடு ஒரே ராத்திரியில நகரம் ஆயிரும். கோர்ட்டும் பாவம், ரெண்டு பேரு புளுகையும் கேட்டுட்டு, சின்ன மனை விலையைப் பெரிய காட்டுக்கு அப்படியே போட முடியாது, ரோடு விடணும், வாய்க்கால் விடணும்னு ஒரு பங்கைக் கழிச்சு நடுவுல ஒரு எடத்துல நிறுத்தும். ரோட்டை ஒட்டின பட்டைக்கு ஒரு விலை, உள்ள தள்ளின பட்டைக்கு ஒரு விலைன்னு பிரிக்கிறதும் உண்டு.

இங்கதான் நீரு காதைத் தீட்டிக்கிடணும். பக்கத்துக் காடு ரோட்டை ஒட்டினது. உம்மது ஓடைக்கு உள்ள. அவனுக்குக் கோர்ட்டு ரோட்டுப் பட்டை விலை போட்டா, நீரு அந்த நகலைத் தூக்கிட்டுப் போயி நீட்டினதும் கலெக்டர் ஆபீஸ்ல அப்படியே எழுதித் தந்துருவாகன்னு நெனைச்சீரா? விசாரணை வைப்பாக. ‘உம்ம காடும் அதே தரமா?’ம்பாக. அன்னைக்கு ‘ஓடைக்கு உள்ள’ங்கிற ஒரு வார்த்தையை உம்ம கிரையப் பத்திரமே சொல்லும். அவன் வழக்கு உமக்கு மாதிரியாகுமாங்கிறது அவன் கையிலயும் இல்ல, உம்ம கையிலயும் இல்ல; அளந்து கல்லு நட்டவன் கையில இருக்கு.

‘என்ன மாமா, மாதிரி வழக்கே வேண்டாங்கீகளா?’ வேண்டாம்னா சொன்னேன்? மாதிரி பாக்காம மொத்தமா முடிச்ச கதையும் நம்ம நாட்டுல இருக்கு. போபால்ல 1984 டிசம்பர்ல விஷவாயு கசிஞ்சு ஊரே செத்துச்சு. மறு வருஷம் ஒரு சட்டம் போட்டு, எல்லாருக்கும் பதிலா நானே வழக்காடுவேன்னு மத்திய சர்க்கார் எடுத்துக்கிட்டான். கேட்டது 330 கோடி டாலர். 1989 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டுல 47 கோடி டாலருக்கு முடிஞ்சு போச்சு. ஒரே ஒரு நோயாளியைக் கூண்டுல ஏத்தி, போன நுரையீரலுக்கு என்ன விலைன்னு ஒரு தீர்ப்பும் வாங்கிப் பாக்கல. பெறவு எண்ணிப் பாத்தா, இழப்பீடு வாங்க வேண்டிய ஆளு அஞ்சரை லட்சத்துக்கும் மேல. தலைக்குப் பிரிச்சா என்ன வரும்னு நீரே கணக்குப் போட்டுக்கிடும். எனக்கு அந்தக் கணக்குல கேலி பேச வரல. போதாது, இன்னும் குடுன்னு சர்க்கார் திரும்பக் கோர்ட்டுக்குப் போனான். 2023 மார்ச்சுல அஞ்சு ஜட்ஜு சேந்து, முடிஞ்சது முடிஞ்சதுதான்னுட்டாக.

மாதிரி வழக்கு நம்மூருக்குப் புதுசும் இல்ல, தெரியுமா? 1799 அக்டோபர் 16. மேஜர் பானர்மேன் கயத்தாத்துல பாளையக்காரரையெல்லாம் வரச் சொல்லி வரிசையா உக்கார வச்சான். அதுல பல பேருமேல கும்பினிக்காரனுக்கு வழக்கு இருந்துச்சு: வரிப்பாக்கி, அடங்காமை, கோட்டை, ஆயுதம். ஒவ்வொருத்தனா விசாரிச்சா எத்தனை வருஷம் ஆகும்? ஒருத்தரைப் பொறுக்கினான். கட்டபொம்மனை எல்லாரும் பாக்க விசாரிச்சு, அன்னைக்கே புளியமரத்துல தூக்குல போட்டான். வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது, அப்பீல் கிடையாது. பொறுக்கினவனும் அவன், குத்தஞ்சாட்டினவனும் அவன், தீர்ப்புச் சொன்னவனும் அவன். பாத்துக்கிட்டு இருந்தவுக கோட்டையை இடிக்கணும், ஆயுதத்தை ஒப்படைக்கணும்னு உத்தரவாச்சு, செஞ்சாக. ஒரு கேஸுல எல்லாக் கேஸும் முடிஞ்சதுன்னு பானர்மேன் நிம்மதியா கப்பல் ஏறியிருப்பான்.

முடிஞ்சுதா? 1801 பிப்ரவரியில ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையை உடைச்சுக்கிட்டு வெளிய வந்தாரு. இடிச்ச பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை திரும்ப எழும்புச்சு. கும்பினிக்காரன் மறுபடியும் பீரங்கியை இழுத்துக்கிட்டு வர வேண்டியதாப் போச்சு. இந்த தடவை சிவகங்கை வரைக்கும் சண்டை. தனக்கு வேண்டிய மாதிரி ஒரு மாதிரியைப் பொறுக்கி, தானே தீர்ப்பும் எழுதிக்கிட்டா, பாத்துக்கிட்டு நிக்கிறவன் ‘நமக்கும் இதே நியாயந்தான்’னு தலையாட்டிட்டு வீட்டுக்குப் போக மாட்டான்வே. பென்சகோலாவுல பதினாறு கேஸுல பத்துல ஒருத்தன், ஆறுல ஒருத்தன்னு மாறி மாறி வந்துதான் ரெண்டு பக்கமும் நம்பினான். சிவாஜி கணேசன் வச்ச கட்டபொம்மன் சிலை ரோட்டோரத்துல நிக்கில்லா, அந்த வழியா நீரு தெனம் டீக்கடைக்குப் போறீரு. ஒரு நாளாவது நின்னு யோசிச்சீரா?

சரி, கோவப்படாதேயும். உம்ம காரியத்துக்கு வாறேன்.

உம்ம திட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, எல்லாமே அடுத்தவன் கடைசி வரைக்கும் சண்டை போடுதான்ங்கிற நம்பிக்கையில நிக்கி. அமெரிக்காவுல கம்பெனிக்காரன் ஒரு தந்திரம் பண்ணுவான். விசாரணைக்குப் பொறுக்கின கேஸுல ஒண்ணு தனக்கு ரொம்பப் பாதகமா இருந்தா, அது ஜூரி முன்னால போறதுக்கு முந்தியே அந்த ஆளுக்கு மட்டும் கேட்டதைக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவான். மாதிரியில மிஞ்சினதெல்லாம் நோஞ்சான் கேஸா இருக்கும். பின்னால நிக்கிற ஆயிரம் பேருக்கு விலை இறங்கிரும். அந்த ஒருத்தன் மேல தப்புச் சொல்ல முடியுமா? அவன் வழக்கு அவனுது. அவன் ஊருக்கு மாதிரியா இருக்கேன்னு கற்பூரம் அடிச்சா சத்தியம் பண்ணியிருக்கான்?

இங்க அதுக்குப் பேரு லோக் அதாலத்து. நல்ல காரியந்தான், நான் குறை சொல்லல. கோர்ட்டுல வருஷக் கணக்கா கெடக்கிற கேஸை ரெண்டு பக்கமும் உக்காந்து விட்டுக்குடுத்து ஒரே நாள்ல முடிச்சுக்கிடலாம். அப்பீலும் கிடையாது. நில எடுப்புக் கேஸும் அங்க போகுது. சர்க்கார் தரப்புல ‘இவ்வளவு தாரோம், சம்மதமா?’ம்பாக. இவன் ‘சரி’ன்னு கையெழுத்துப் போட்டா, கூடுதல் பணம் அவன் கைக்கு வந்துரும்.

உமக்கு? நொய்டா பக்கத்துல உம்மை மாதிரியே சில பேரு இருந்திருக்காக. பக்கத்து நிலத்துக்காரன் லோக் அதாலத்துல கூடுதல் விலைக்குச் சமரசம் ஆனான். அந்த உத்தரவைக் காட்டி, 28ஏயில எங்களுக்கும் குடுன்னு இவுக கேட்டாக. உயர் நீதிமன்றம் கூட ஒத்துக்கிட்டுது. கேஸு டெல்லிக்குப் போச்சு. 2022 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டு, ‘செல்லாது’ன்னுட்டுது. லோக் அதாலத்து உத்தரவு ரெண்டு பேரு பேசி முடிச்ச ஒப்பந்தம்; கோர்ட்டு சாட்சியம் பாத்து, விலையை நிர்ணயம் பண்ணின தீர்ப்பு இல்ல. 28ஏக்கு அப்படி ஒரு தீர்ப்பு வேணும். பக்கத்தாளு பேசி வாங்கினது பக்கத்தாளுக்கு மட்டும்.

என்னவே, டீயைக் கீழ வச்சுட்டீரு?

அதனால மருமவனே, உம்ம மூணு ஏக்கரோட கூடுதல் விலை இப்போ சர்க்கார் கையிலயும் இல்ல, கோர்ட்டு கையிலயும் இல்ல. பக்கத்துக் காட்டுக்காரனோட பொறுமையில இருக்கு. அவன் சலிச்சுப் போயி ‘குடுக்கிறதைக் குடுங்கய்யா’ன்னு கையெழுத்துப் போட்டுட்டா, உம்ம 28ஏயை மடிச்சு வெத்தலைப் பெட்டியில வச்சுக்கிடலாம். போன வருஷம் வரப்புத் தகராறுல அவன் மாட்டைப் பிடிச்சுப் பவுண்டுல அடைச்சீரே, ஞாபகம் இருக்கா? வக்கீல் பீஸுக்கு ஊர்ல எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம், தீர்ப்பு வந்தா எல்லாருக்கும் ஆகும்னு அவன் கேட்டு வந்தப்போ, ‘எனக்கும் கோர்ட்டுக்கும் சம்பந்தம் இல்லண்ணே’ன்னு கதவைச் சாத்தினீரே, அது ஞாபகம் இருக்கா? அவனுக்கு இருக்கு. பொண்ணுக்கு மாப்பிள்ளை வேற பாத்துட்டான். கையில காசு வேணும்.

இனிமே உமக்கு ஒரே வேலைதான். சட்டப் புத்தகத்தை மூடி வச்சுட்டு அவனைக் கும்பிடப் போகணும். அவன் வெள்ளாட்டுக்குக் குழை ஒடிச்சுப் போடும். கல்யாணத்துக்கு முன்பணமா ஏதாவது மொய் எழுதும். வாய்தா அன்னைக்கு பஸ்ஸுக்குக் காசு குடும். முடிஞ்சா கூடவே போயி கோர்ட்டு வராந்தாவுல உக்காரும். உம்ம கிரையப் பத்திரம், பழைய அடங்கல், பக்கத்துல நல்ல விலைக்குப் போன பத்திரம் ஏதாவது கையில இருந்தா, வக்கீல்கிட்ட குடும். அவன் கேஸு பலமா இருந்தாத்தான் உமக்கு ஆகும். அவன் கேஸுல சாட்சியம் ஓட்டையா இருந்தா அந்த ஓட்டை விலைதான் உமக்கும். ‘அண்ணே, கடைசி வரைக்கும் நில்லுங்க, செலவை நான் பாத்துக்கிடுதேன்’னு சொல்லும். ஆமா, இத்தனையும் செய்யிததுக்கு அன்னைக்கே ஆட்சேபணையை எழுதி, ஆறு வாரத்துக்குள்ள ஒரு மனுக் குடுத்திருந்தா அலைச்சல் கம்மிதான். ஆனா நீரு ஞானி. ஞானிக்கு அலைச்சல் அழகு.

என்ன எந்திரிச்சுட்டீரு? அவன் வீட்டுக்கா? இப்போ வீட்ல இருக்க மாட்டான். நேத்து சாயங்காலம் தேய்ப்புக் கடையில வெள்ளை வேட்டி சட்டை வாங்கிக்கிட்டுப் போனான். ‘எங்கவே இம்புட்டு ஜோரா, மாப்பிள்ளை வீட்டுக்கா?’ன்னேன். ‘இல்ல பெரியப்பா, ரெண்டாஞ் சனிக்கிழமை லோக் அதாலத்து, வக்கீல் வரச் சொல்லியிருக்காரு’ன்னான்.

இன்னைக்கு என்ன கிழமைவே?